‘சீல்டு’ பேரிங்குக்கு கிரீஸ் வைக்கணுமா, வேண்டாமா? மட்டாஞ்சேரி மழையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு விளக்கம்

கொச்சியில் வேலை. வீடு மட்டாஞ்சேரியில். தோப்பும்படி வழியாகப் பாலம் தாண்டி எர்ணாகுளம் பக்கம் சைக்கிளில் அலுவலகம் போகிறீர்கள். சைக்கிள் புதுசு, வாங்கும்போது ‘சீல்டு பேரிங், மெயின்டனன்ஸே வேண்டாம்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. இப்போது ஹேண்டில்பாரைத் திருப்பினால் உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு நரநரப்பு. கையை விட்டால் நேராகப் போக வேண்டிய வண்டி, ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறது.

இதை இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினால் இரண்டு பதில் வரும். ‘சீல்டு பேரிங்குக்கு கிரீஸே தேவையில்லை, போனா மாத்திடணும், அவ்ளோதான்’ என்பது ஒன்று. ‘எந்த பேரிங்கா இருந்தாலும் கிரீஸ் வைக்காம விடக்கூடாது’ என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி சரி.

சுருக்கமான பதில் இதுதான்: பேரிங்குக்கு வெளியே, அது உட்காரும் எல்லா இடத்திலும் கிரீஸ் கண்டிப்பாக வேண்டும். உள்ளே, சாதாரணமாகத் தேவையில்லை. ஆனால் ஹெட்செட்டைப் பொறுத்தவரை உள்ளே நிறைய வைத்தாலும் கெடுதல் இல்லை. ஏற்கெனவே நரநரக்க ஆரம்பித்துவிட்ட பேரிங்கை எந்த கிரீஸும் காப்பாற்றாது. ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், எந்த மெக்கானிக் சொன்னாலும் எடைபோட்டுப் பார்க்க உங்களுக்கே முடியும்.

ஹெட்செட் என்றால் எது?

காதில் மாட்டுவது இல்லை. பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ‘கோன்செட் போயிடுச்சு’ என்று சொல்வார்களே, அதே பாகம்தான் சைக்கிளில் ஹெட்செட். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டு, ஃப்ரேமின் முன்குழாய்க்குள் நுழைந்து மேலே வருகிறது. அந்தக் குழாயின் மேல்முனையில் ஒரு பேரிங், கீழ்முனையில் ஒரு பேரிங். நீங்கள் திருப்பும்போது ஃபோர்க் இந்த இரண்டின் மீதுதான் திரும்புகிறது. பள்ளத்தில் இறங்கும்போது வரும் அடி முழுவதும் முதலில் போய்ச் சேர்வது கீழ் பேரிங்குக்கு.

பழைய கருப்பு சைக்கிள்களில் இங்கே இருந்தவை தனித்தனி எஃகு உருண்டைகள். பால்ரஸ் குண்டு என்று சின்ன வயதில் கோலிக்குப் பதிலாக விளையாடியிருப்பீர்கள். கடைக்காரர் ஓவராயில் பண்ணும்போது மண்ணெண்ணெயில் கழுவி, கப்பில் கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஒட்டவைப்பார். அந்த அமைப்பில் கிரீஸ் வேண்டுமா என்ற கேள்வியே கிடையாது; குண்டு உட்காருவதே கிரீஸில்தான்.

சீல்டு பேரிங்கில் அந்தக் குண்டுகள், அவை ஓடும் உள்வளையம், வெளிவளையம், கிரீஸ் எல்லாம் தொழிற்சாலையிலேயே ஒரே மோதிரமாக அடைக்கப்பட்டு வருகின்றன. இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி. சைக்கிள் ஹெட்செட்டில் இந்த வகையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கிறிஸ் கிங்; 1976-ல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இதைத்தான் செய்கிறது. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: அந்த நிறுவனத்தின் ஹெட்செட் பேரிங்குகளின் மூடியைக் கழற்றி, உள்ளே கழுவி, புது கிரீஸ் வைக்கும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். ‘சீல்டு’ என்றாலே தொடக்கூடாது என்ற எண்ணம், இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தவர்களிடமே கிடையாது.

வாங்கும்போது இன்னொரு குழப்பமும் உண்டு. ‘செமி-இன்டகிரேட்டட்’ என்று விவரப் பட்டியலில் போட்டிருந்தால் அது சீல்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது பேரிங் ஃப்ரேமுக்குள் எப்படி உட்காருகிறது என்பதைச் சொல்லும் சொல் மட்டுமே. உள்ளே இருப்பது தகரக் கூண்டில் கோத்த திறந்த குண்டுகளாகவும் இருக்கலாம்; விலை குறைவான மாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான். உங்களுடையது அந்த வகை என்றால், இந்தக் கட்டுரையின் விவாதம் உங்களுக்கு இல்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவி கிரீஸ் வையுங்கள். கழற்றும்போது கூண்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் ஹேண்டில் இறுகும்.

சக்கர பேரிங்கும் இதுவும் ஒன்றல்ல

‘சீல்டு பேரிங்கில் கிரீஸ் அதிகமாக வைக்கக் கூடாது, சூடாகும்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மோட்டாருக்கு அது உண்மை. வேகமாகச் சுழலும் பேரிங்கில் உள்ளிருக்கும் காலி இடத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் கிரீஸால் நிரப்புவார்கள். அதற்கு மேல் போனால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும். அந்தக் கடைசலே வெப்பம்.

அந்த விதியை ஹெட்செட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண ரோட் சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் சக்கர பேரிங் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 முறை சுற்றுகிறது. முழு வேகத்தில் ஓடும் சீலிங் ஃபேனில் பாதிகூட இல்லை. சக்கரமே இப்படி என்றால் ஹெட்செட்டின் கதை என்ன? அது ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. நேர் சாலையில் ஹேண்டில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், சில டிகிரிதான் ஆடுகிறது.

இன்னும் நுணுகிப் பார்ப்போம். 41 மி.மீ. வெளி விட்டம், 30.15 மி.மீ. உள் விட்டம் கொண்ட பேரிங் ரோட் சைக்கிள்களில் சகஜம். ஹேண்டிலை 4 டிகிரி திருப்பினால், உள்ளே குண்டுகள் நகர்வது கிட்டத்தட்ட அதில் பாதி. அந்த அளவு பேரிங்கில் அது சுமார் 0.6 மில்லிமீட்டர். ஆக, அலுவலகம் போய்ச் சேரும் வரை ஒவ்வொரு குண்டும் தன்னுடைய அரை மில்லிமீட்டர் சொச்சத்திலேயே முன்னும் பின்னுமாக நின்ற இடத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே கிரீஸ் கடைபட்டு சூடாவதற்கு வாய்ப்பே இல்லை. தொழிற்சாலைகளிலும் மெதுவாக அசையும், ஈரமும் தூசியும் சூழ்ந்த பேரிங்குகளை முழுக்க நிரப்பிவிடுவது வழக்கம்தான். வெளியிலிருந்து எதுவும் நுழைய இடம் இருக்காது என்பதற்காக.

ஆனால் இந்த அரை மில்லிமீட்டர் வாழ்க்கைதான் ஹெட்செட்டின் பலவீனமும். சுழலும் பேரிங்கில் குண்டு உருண்டுகொண்டே போவதால் கிரீஸிலிருந்து எண்ணெய்ப் படலம் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. ஹெட்செட்டில் அது நடப்பதில்லை. ஒரே புள்ளியில் படலம் பிதுங்கி வெளியேறுகிறது, திரும்பி வருவதில்லை. எஃகு எஃகோடு உரச ஆரம்பித்து, வளையத்தில் குண்டுகளின் எண்ணிக்கைக்குச் சரியாகக் குட்டிக் குட்டிக் குழிகள் விழுகின்றன. நேராகப் போகும் நிலையில் ஹேண்டில் ‘டக்’ என்று வந்து உட்காருவது இதனால்தான்.

இந்தக் குழிகள் பள்ளத்தில் விழுந்த அடியால் ஏற்பட்டவை என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். எஃகின் கடினத்தை அளக்க குண்டை வைத்து அழுத்தும் சோதனையை 1900-ல் கொண்டுவந்தவர் ஸ்வீடன் பொறியாளர் பிரினெல். அவர் பெயரால் இந்தத் தழும்பையும் பிரினெல்லிங் என்றார்கள். ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் (சைக்கிள் சக்கரத்தைப் பற்றி 1981-ல் எழுதிய புத்தகத்துக்காக அறியப்பட்டவர்) இதை மறுத்தார். அடியால் வந்த குழி இல்லை, ஃபோர்க் நுண்ணிய அளவில் வளைந்து வளைந்து அசைவதால் எண்ணெய் வற்றி, உலோகம் அரிக்கப்பட்டு உண்டான குழி என்பது அவர் விளக்கம். புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது, ஓடாமலே அவற்றின் சக்கர பேரிங்குகள் இப்படிக் குழிவிழுந்து வந்ததை அமெரிக்கப் பொறியாளர்கள் 1930-களிலேயே கவனித்திருந்தார்கள். அதே நோய்தான் இது. மருந்து, அந்த இடத்தில் எண்ணெய் இருப்பது. தண்ணீர் இல்லாமல் இருப்பது.

மட்டாஞ்சேரியில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

மேலிருந்து வருவதை எல்லோரும் பார்க்கிறோம். கேரளாவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை இயல்பான மழை 2,018.6 மி.மீ. சென்னைக்கு ஒரு முழு வருஷத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறக்குறைய 1,400 மி.மீ. ஆனால் ஹெட்செட்டுக்கு வானத்து மழை பெரிய எதிரி இல்லை. மேல் பேரிங்குக்கு ஒரு தொப்பி இருக்கிறது.

உண்மையான எதிரி முன்சக்கரம். மட்கார்டு இல்லாத சைக்கிளில் டயர் வாரி எறியும் தண்ணீரும் மணலும் நேராகப் போய் மோதும் இடம் ஃபோர்க்கின் தலை. அதற்கு மேலேயே கீழ் பேரிங். பத்து கிலோமீட்டரில் சக்கரம் 4,700 முறைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை முறையும் அந்த இடத்தில் ஒரு வீச்சு. நல்ல மட்கார்டு ஒன்று போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அழகு கெடுகிறது என்று மட்கார்டைக் கழற்றி வைப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் பேரிங்கை அடிக்கடி மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரிக்கு மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. மழையே இல்லாத நாளில், கடல் ஏற்றத்தின்போது, கால்வாய்கள் வழியாகக் காயல் நீர் மேற்குக் கொச்சியின் தாழ்வான தெருக்களுக்கு ஏறி வருகிறது. வேலியேற்றம் என்று மலையாளத்தில் சொல்வது இதைத்தான். கல்வத்தி கால்வாய், ராமேஸ்வரம் கால்வாய் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது செய்தி இல்லை, வாழ்க்கை. மழைக்காலத்தில் ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் காயலில் உப்பு குறைவாக இருக்கும். மழை ஓய்ந்த மாதங்களில் கடல் உள்ளே ஏறி உப்பு கூடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஓருவெள்ளம் என்று இங்கே சொல்லப்படும் கலப்பு நீரில் அது குறைவு என்றாலும், இரும்புக்கு அதுவே போதும். ‘மழை விட்டாச்சு, இனி சைக்கிளுக்குப் பிரச்சினை இல்லை’ என்று நினைக்கும் டிசம்பர், ஜனவரியில் கணுக்கால் அளவு தேங்கிய நீரில் ஓட்டிவிட்டு வருவது, ஜூலை மழையில் நனைவதைவிட மோசம்.

எஃகு என்றாலே துருப்பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். வழக்கமான பேரிங் எஃகு (நம் ஊர்ப் பட்டறைகளில் என்31 என்பார்கள்) ஏறக்குறைய 1 சதவீதம் கரி, 1.5 சதவீதம் குரோமியம் கொண்டது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்க குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் பேரிங்குகளும் கிடைக்கின்றன. கடலோரத்தில் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. ஆனால் உப்பில் அவையும் புள்ளிப் புள்ளியாக அரிக்கும்.

சரி, ரப்பர் மூடி இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அது தூசியைத் தடுக்கவும் கிரீஸை உள்ளே வைத்திருக்கவும் செய்த மெல்லிய உதடு. நீர்மூழ்கிக் கப்பலின் கதவு இல்லை. வெயிலில் நின்று சூடான சைக்கிள் மீது திடீரெனக் குளிர்ந்த நீர் பட்டால், பேரிங்குக்குள் இருக்கும் காற்று சுருங்கி, உதட்டோரம் நிற்கும் ஈரத்தை உள்ளே உறிஞ்சும். வாட்டர் சர்வீஸ் கன்னை ஹெட்செட் பக்கம் காட்டினால் உறிஞ்சவும் வேண்டாம், அழுத்தமே உள்ளே தள்ளிவிடும். உள்ளே போன தண்ணீருக்கு, அதே மூடி இப்போது வெளியே போக விடாத சுவர்.

வெளியே வைக்கும் கிரீஸின் வேலை

பேரிங்குக்கு வெளியே எதுவும் சுழலவில்லை, அங்கே கிரீஸ் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கிரீஸின் வேலை வழுக்குவது இல்லை, இடத்தை அடைப்பது.

எஃகு பேரிங், அலுமினிய கப்பில் உட்கார்ந்திருக்கிறது. நடுவே உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. பள்ளிக்கூடத்தில் படித்த மின்கலம் ஞாபகம் வருகிறதா? இரண்டு வேறு உலோகங்கள், இடையில் மின்பகுளி. இங்கே பலி அலுமினியம். வெள்ளைத் தூளாக அது அரித்து, உப்பி, பேரிங்கை ஃப்ரேமோடு சேர்த்துப் பற்றவைத்தது போல இறுக்கிவிடும். பிறகு பேரிங்கை வெளியே எடுக்க சுத்தியல் வேண்டும். சுத்தியல் வந்த பிறகு ஃப்ரேமுக்கு உத்தரவாதம் இல்லை. கார்பன் ஃப்ரேமில் அலுமினியப் பாகங்கள் இருந்தால் இந்த அரிப்பு இன்னும் வேகமாகும். கடலோரத்தில் உலோகம் எப்படி அரிக்கிறது என்பது சிறிய விஷயம் இல்லை. காரைக்குடியில் ‘சிக்ரி’ என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் இதற்கென்றே கடற்கரையில் ஆய்வு நிலையங்கள் வைத்திருக்கிறது.

எங்கெல்லாம் பூச வேண்டும்: பேரிங் உட்காரும் கப் அல்லது ஃப்ரேமின் பள்ளம், பேரிங்கின் வெளிச்சுவர், ஃபோர்க்கின் தலையில் இருக்கும் வளையம், மேல் பேரிங்கின் நடுவே இறங்கும் பிளவுபட்ட வளையம். இந்தப் பிளவு வளையம் காய்ந்து கிடந்தால் ஹேண்டிலை முறுக்கும்போது ‘கிரீச்’ என்ற சத்தம் வரும். அதை பேரிங் போய்விட்டது என்று நினைத்து மாற்றிவிட்டு, சத்தம் மட்டும் போகாமல் குழம்புபவர்கள் நிறையப் பேர். கடைசியாக, மாட்டுவதற்கு முன் பேரிங்கின் மூடிக்கு வெளிப்பக்கமும் தாராளமாக ஒரு வளையம் கிரீஸ் வைத்துவிடுங்கள். கீழ் பேரிங்குக்கு இது மிக முக்கியம். முன்சக்கரம் எறியும் தண்ணீர் முதலில் சந்திப்பது இந்தக் கிரீஸ் சுவராக இருக்கட்டும். அது அழுக்கைப் பிடித்துக் கருப்பாகும். ஆகட்டும், அதுதான் அதன் வேலை. அடுத்த முறை வழித்தெடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம்.

பூசக் கூடாத இடம் ஒன்று உண்டு: ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம், ஃபோர்க் தண்டைக் கவ்வும் பகுதி. அங்கே கிரீஸ் பட்டால் பிடி வழுக்கி, திருப்பும்போது ஹேண்டில் மட்டும் திரும்பும், சக்கரம் திரும்பாது. துடைத்துவிட்டு மாட்டுங்கள். கார்பன் தண்டாக இருந்தால் அதற்கென்றே கிடைக்கும் கார்பன் பேஸ்ட் போடலாம்.

உள்ளே திறப்பதா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: வேண்டாம். பேரிங் கையில் வழுவழுப்பாகச் சுற்றினால் வெளியே துடைத்து, பூசி, திருப்பி வைத்துவிடுங்கள். நரநரத்தால் மாற்றுங்கள். சாதாரண ஹெட்செட் பேரிங் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அதைத் திறந்து கழுவ நீங்கள் செலவிடும் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

ஆனால் ஒரு வகை சைக்கிளுக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. கடந்த சில வருடங்களாக வரும் விலை கூடிய சைக்கிள்களில் பிரேக், கியர் கேபிள்கள் வெளியே தெரிவதில்லை. ஸ்டெம் வழியாக இறங்கி, மேல் பேரிங்குக்கு நடுவே புகுந்து ஃப்ரேமுக்குள் போகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் மேல் பேரிங்கை மாற்ற வேண்டுமென்றால் அதன் நடுவே போகும் பிரேக் குழாயைத் துண்டித்து, திரும்ப இணைத்து, ஆயிலை நிரப்பி, காற்றை வெளியேற்ற வேண்டும். பேரிங் மலிவு, கூலி அதைப்போலப் பல மடங்கு. பல மாடல்களில் கேபிளுக்கு வழிவிடுவதற்காகத் தொப்பியில் திறப்புகளும் இருப்பதால் தண்ணீர் நுழைவதும் சுலபம். இந்த மாதிரி சைக்கிளை வாங்கியவுடனேயே, அல்லது முதல்முறை அது திறக்கப்படும்போதே, பேரிங்கின் மூடியை எடுத்து உள்ளே முழுக்க கிரீஸ் நிரப்பச் சொல்லுங்கள். ஹெட்செட்டில் அதிகம் என்று ஒன்று இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

செய்வது எப்படி? பேரிங்கைத் துடைத்துவிட்டு, மூடியின் உள் விளிம்பில் மெல்லிய பிளேடின் முனையை நுழைத்து நெம்பினால் ரப்பர் மூடி எழும்பி வரும். குண்டுகள் ஓடும் வளையத்தில் பிளேடு கீறக் கூடாது. உலோக மூடி அழுத்தி அடைக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். திறந்தால் திரும்ப மூடாது. உள்ளே இருக்கும் பழைய கிரீஸை டிகிரீசரால் முழுக்கக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். பாதி கழுவிவிட்டுப் புதியதை மேலே வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. எல்லா கிரீஸும் ஒன்றோடொன்று சேராது. தொழிற்சாலையில் பாலியூரியா வகையை வைத்திருந்து, நீங்கள் லித்தியம் வகையைச் சேர்த்தால், கலவை இளகி வடிந்துவிடக்கூடும். பிறகு புது கிரீஸை விரலால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும் வரை நிரப்பி, மூடியை விரலாலேயே சுற்றிலும் அழுத்தி உட்கார வையுங்கள்.

எந்த கிரீஸ்?

சைக்கிளுக்கென்று விற்கும் குட்டி டியூப்தான் வேண்டும் என்பதில்லை. கிரீஸ் என்பது பெரும்பகுதி எண்ணெய். அதை ஸ்பாஞ்ச் போலப் பிடித்து வைத்திருக்க ஒரு கெட்டிப்பொருள். லித்தியம் கிரீஸில் அந்தக் கெட்டிப்பொருளுக்கு மூலம் ஆமணக்கு எண்ணெய். உலகத்துக்கு ஆமணக்கு எண்ணெய் அதிகம் கொடுக்கும் நாடும் இந்தியாதான். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்ட தாத்தா காலத்திலிருந்து மூலப்பொருள் மாறவில்லை, கெமிஸ்ட்ரிதான் மாறியிருக்கிறது.

பெட்ரோல் பங்க்கில், ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ், என்எல்ஜிஐ 2 என்ற கெட்டித்தன்மையில், கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போதும். மட்டாஞ்சேரிக்கும், சென்னையில் ஈசிஆர் பக்கம் ஓட்டுபவர்களுக்கும் நான் சொல்வது படகு என்ஜினுக்குப் போடும் மரைன் கிரீஸ். கால்சியம் சல்ஃபோனேட் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் அடித்துக்கொண்டு போக விடாமல் நிற்பதிலும் துருவைத் தடுப்பதிலும் அது லித்தியத்தைவிட மேல். தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகமே இருக்கிறது, படகுக்குத் தேவையானதை விற்கும் கடைகளுக்கு அங்கே பஞ்சம் இல்லை.

டபிள்யூடி-40 கிரீஸ் இல்லை. தண்ணீரை விரட்டுவதற்காக 1953-ல் செய்த திரவம் அது; ஹெட்செட்டில் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கேரளாவில் எல்லாவற்றுக்கும் கைக்கு எட்டும் பொருள் அதுதான் என்றாலும், 24 டிகிரிக்குக் கீழே உறைந்து மேலே தண்ணீராக ஓடும் எண்ணெய் பேரிங்கில் நிற்காது, நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும்.

எப்போது பார்ப்பது, எப்போது மாற்றுவது?

உள்நாட்டு ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை போதும். மேற்குக் கொச்சியில் இரண்டு முறை: மே கடைசியில், மழைக்கு முன், அக்டோபரில், ஈரம் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்க. வேலியேற்ற நீரில் ஓட்ட நேர்ந்தால் அன்று மாலையே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சோதனைக்குக் கருவி தேவையில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் வளையத்தில் குழி விழுந்துவிட்டது. பிறகு சக்கரத்தைத் தரையில் வைத்து, முன்பிரேக்கைப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். இன்னொரு கையின் விரல்களை ஹெட்செட் விளிம்பில் வைத்திருந்தால் ஆட்டம் தெரியும். வெறும் ஆட்டம் என்றால் டைட் பண்ணினாலே சரியாகும். குழி என்றால் ஆகாது. வளையத்தின் உலோகமே போன பிறகு கிரீஸ் வைப்பது நரநரப்பின் சத்தத்தை இரண்டு வாரத்துக்குக் குறைக்கும். பிரச்சினை சரியாகிவிட்டது என்று உங்களை நம்பவைப்பதால் அது ஒருவகையில் ஆபத்தும்கூட. நடுநிலையில் பிடித்துக்கொள்ளும் ஹேண்டிலோடு லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பேலன்ஸ் பண்ணி ஓட்ட முடியாது. துருவேறி இறுகிய கீழ் பேரிங்கைச் சுமந்து திருப்பிக்கொண்டே இருந்தால், பேரிங் திரும்புவதற்குப் பதில் அதன் உள்வளையமே ஃபோர்க்கின் மேல் உரச ஆரம்பிக்கும். சில நூறு ரூபாய் வேலை, ஃபோர்க் மாற்றும் வேலையாகும்.

மாற்றும்போது பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல் கடைக்கு எடுத்துப்போங்கள். அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அளவுகள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், உயரம், இரண்டு கோணங்கள். இந்தக் கோணங்களில்தான் ஏமாறுவோம். 36 டிகிரியும் 45 டிகிரியும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், மாட்டினால் உட்காரவும் செய்யும். ஆனால் சாய்வு பொருந்தாததால் சுமை முழுவதும் ஒரு மெல்லிய விளிம்பில் நின்று, புது பேரிங்கும் சில மாதத்தில் போய்விடும். எழுத்து துருவில் அழிந்திருந்தால் சைக்கிளின் மாடலையும் வருஷத்தையும் வைத்து நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலில் பார்த்து வாங்குங்கள். மேலும் கீழும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய பல ஃப்ரேம்களில் கீழ் பேரிங் 52 மி.மீ. வரை பெரியது. புது பேரிங்கை உட்கார வைக்கும் முன், பழையது விட்டுப்போன துருவையும் வெள்ளைத் தூளையும் துணியால் வழித்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் முதல் கிரீஸை வையுங்கள்.